புதுச்சேரியிலிருந்து பாரிஸ்: வான்வழித் தூரத்தையும் பயண நேரத்தையும் நீங்களே கணக்கிடுவதற்கான முழு வழிகாட்டி

புதுச்சேரியிலிருந்து பாரிசுக்கு எவ்வளவு நேரம் என்று தேடிப் பார்த்தால் ஓரிடத்தில் ஒன்பது மணி நேரம் என்று இருக்கும். டிக்கெட்டில் பதின்மூன்றரை மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். போய் வந்தவர்களைக் கேட்டால் வீடு போய்ச் சேர ஒரு நாள் ஆகிவிட்டது என்பார்கள். மூன்றும் சரிதான். நேர்கோட்டுத் தூரத்தை வேகத்தால் வகுத்தால் முதலாவது வரும். விமான நிலையத்திலிருந்து விமான நிலையம் வரை எண்ணினால் இரண்டாவது. வாசலிலிருந்து வாசல் வரை எண்ணினால் மூன்றாவது. டிக்கெட் எடுக்கும் முன் இந்த மூன்றையும் தனித்தனியாகத் தெரிந்துகொண்டால், எந்த வழியில் போவது, எத்தனை மணிக்குக் கார் சொல்வது, அங்கே அழைக்க வருபவரை எப்போது வரச் சொல்வது எல்லாம் தெளிவாகிவிடும்.

இந்த ஊரில் இது பலருக்கும் தேவைப்படும் கணக்கு. சொல்தா குடும்பங்களில், அதாவது பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்களில், பாதிப் பேர் இங்கே, பாதிப் பேர் அங்கே. படிக்கப் போகிற பிள்ளைகள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு. பாரிசை எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறேன். கடலூர்க்காரர்கள் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போட்டுப் பார்க்கவும் இதே முறைதான்.

முதல் படி: எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு

இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும். கைபேசி வரைபடத்தில் ஊரின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். புதுச்சேரிக்கு வடக்கு 11.93, கிழக்கு 79.83. பாரிசுக்கு வடக்கு 48.86, கிழக்கு 2.35. இரண்டு தசம இடம் போதும். ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு என்பது சுமார் ஒரு கிலோமீட்டர்தான், எட்டாயிரம் கிலோமீட்டர் கணக்கில் அது ஒன்றும் செய்யாது.

இரண்டாம் படி: தூரம்

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஒரு டிகிரி சுமார் 111 கிலோமீட்டர் என்று பள்ளியில் படித்திருப்போம். வடக்கு தெற்காக எத்தனை டிகிரி, கிழக்கு மேற்காக எத்தனை டிகிரி என்று எடுத்து, பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டால் தூரம் வந்துவிடும் என்று தோன்றும். வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிவிடும் என்பதையும் நினைவில் வைத்து, நடு அட்சரேகைக்குத் திருத்தம் செய்தே போட்டாலும் சுமார் 8,490 கிலோமீட்டர் வருகிறது. உண்மைத் தூரம் அதைவிட ஏறக்குறைய 390 கிலோமீட்டர் குறைவு. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே இந்த முறை சரியாக வரும். கண்டம் தாண்டும்போது உருண்டையைத் தட்டையாக்கிக் கணக்குப் போட முடியாது.

சரியான சூத்திரம் இது. முதல் ஊரின் அட்சரேகையின் சைனையும் இரண்டாம் ஊரின் அட்சரேகையின் சைனையும் பெருக்குங்கள். அப்புறம் இரண்டு அட்சரேகைகளின் கொசைன்களையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும், மூன்றையும் சேர்த்துப் பெருக்குங்கள். இரண்டு விடைகளையும் கூட்டுங்கள். கிடைப்பது, பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள கோணத்தின் கொசைன்.

நம் எண்களைப் போடுவோம்:

சைன் 11.93 × சைன் 48.86 = 0.2067 × 0.7531 = 0.1557

தீர்க்கரேகை வித்தியாசம் 79.83 − 2.35 = 77.48

கொசைன் 11.93 × கொசைன் 48.86 × கொசைன் 77.48 = 0.9784 × 0.6579 × 0.2168 = 0.1395

கூட்டினால் 0.2952

இதற்குத் தலைகீழ் கொசைன் எடுத்தால் 72.83 டிகிரி

72.83 × 111.19 = சுமார் 8,100 கிலோமீட்டர்

111.19 எங்கிருந்து வந்தது? பூமியின் சராசரி ஆரம் 6,371 கிலோமீட்டர். அதிலிருந்து வரும் சுற்றளவை 360ஆல் வகுத்தால் இதுதான் வரும். பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டையாக இருப்பதால் விடை அரை விழுக்காடு வரை முன்பின் ஆகலாம், பயணத் திட்டத்துக்கு அது பொருட்டில்லை. கால்குலேட்டர் டிகிரி முறையில் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். ரேடியனில் இருந்தால் விடை எங்கேயோ போய்விடும். சைன் 30 போட்டுப் பாருங்கள், 0.5 வந்தால் சரி.

கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. கூகுள் எர்த்தில் அளவுகோல் இருக்கிறது, இரண்டு ஊர்களையும் தொட்டால் தூரம் சொல்லிவிடும். வீட்டில் பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை இரண்டு ஊர்களுக்கும் இடையே இழுத்துப் பிடியுங்கள். நூல் எங்கே படிகிறதோ அதுதான் மிகக் குறுகிய வழி. நான் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன், ஏனென்றால் அடுத்த படி அதில்தான் புரியும்.

மூன்றாம் படி: அந்தக் கோடு எந்த ஊர்களின் மேல் போகிறது

சுவரில் மாட்டும் வரைபடத்தில் புதுச்சேரிக்கும் பாரிசுக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அதன் நடுப்பகுதி அரேபியப் பாலைவனத்தின் வடக்கு ஓரத்தில், ஈராக் எல்லைப் பக்கம் விழும். உருண்டையில் நூல் அப்படிப் போகாது. இங்கிருந்து கிளம்பும்போதே வடமேற்காகத் திரும்பிவிடும். புனே பக்கமாகப் போய், மும்பையைத் தொட்டு, கராச்சிக்குச் சற்று மேற்கே பலூசிஸ்தான் கரையில் ஏறும். சரியாகப் பாதித் தூரம் வரும் இடம் ஈரானில் காஸ்பியன் கடலுக்குத் தெற்கே, கஸ்வின் நகரத்துக்குப் பக்கத்தில். அதன்பின் துருக்கியின் திராப்சோன் அருகே கருங்கடலில் இறங்கி, டான்யூப் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் கரையேறி, மத்திய ஐரோப்பாவைக் கடந்து பாரிஸ்.

இந்த ஊர்ப் பெயர்களை ஒரு தடவை படித்தாலே, விமானங்கள் ஏன் இந்தக் கோட்டில் அப்படியே பறப்பதில்லை என்பது புரிந்துவிடும். பாகிஸ்தான் தன் வான்வெளியை 2019இல் பல மாதங்கள் மூடியது. 2025 ஏப்ரலில் இந்திய நிறுவன விமானங்களுக்கு மறுபடியும் மூடியது. உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரியிலிருந்து பயணிகள் விமானங்களுக்கு இல்லை. 2025 ஜூனில் ஈரானும் சில நாட்கள் மூடியது. நம் கோடு இந்த மூன்று இடங்களின் மேலோ ஓரத்திலோதான் போகிறது. அரபிக்கடல், ஓமன், சவுதி, எகிப்து என்று சுற்றிக்கொண்டு போகும்போது கிலோமீட்டர் கூடும். எல்லாம் சீராக இருக்கும் நாளிலேயே, விமானம் வகுத்த தடங்களில் போவதால் நேர்கோட்டைவிட நூற்றுக்கு நான்கைந்து கிலோமீட்டர் கூட வைத்துக்கொள்ளுங்கள். எட்டாயிரத்து நூறு என்பது எட்டாயிரத்து நானூறு, ஐந்நூறு ஆகிவிடும்.

நான்காம் படி: எங்கே இறங்கி மாறுவது

புதுச்சேரி விமான நிலையம் இருக்கும் லாஸ்பேட்டையில் ஓடுபாதையின் நீளம் சுமார் 1,500 மீட்டர். சின்ன ஏடிஆர் விமானங்களுக்குத்தான் அது போதும். ஆகவே பெரிய விமானம் ஏற சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும். அங்கிருந்து நேரடியாகவோ, நடுவில் ஓரிடத்தில் மாறியோ பாரிஸ்.

மாறும் ஊர் எவ்வளவு சுற்று என்பதை அறிய, இரண்டாம் படிக் கணக்கையே இரண்டு துண்டாகப் போடுங்கள். சென்னையிலிருந்து பாரிசின் சார்ல் து கோல் விமான நிலையத்துக்கு நேர்கோடு சுமார் 8,020 கிலோமீட்டர். துபாய் வழியாகப் போனால் 2,930 + 5,240 = 8,170. கூடுதல் வெறும் 150 கிலோமீட்டர். தோஹா வழியாக 8,260 பக்கம் வரும். பிராங்க்பர்ட் வழியாக என்றால் இருபது, முப்பது கிலோமீட்டர்தான் கூடும், அது அநேகமாக நேர்கோட்டின் மேலேயே இருக்கிறது. டெல்லி வழியாக 8,320. அதாவது, டெல்லி நம் நாட்டுக்குள்தானே, சுற்று குறைவாக இருக்கும் என்று நினைத்தால், தூரக் கணக்கில் துபாயைவிட அதுதான் அதிகம்.

சிங்கப்பூர் வழியாக மலிவாக டிக்கெட் வந்தால் என்ன செய்வது? சென்னை சிங்கப்பூர் 2,910, சிங்கப்பூர் பாரிஸ் 10,700க்கு மேல். மொத்தம் 13,600 கிலோமீட்டர். கிழக்கே போய்விட்டு, வந்த வழியே திரும்பி மேற்கே போவதுதான். காத்திருப்பைச் சேர்க்காமலே ஆறேழு மணி நேரம் கூடும். வயதானவர்கள் போகிறார்கள் என்றால், விலை எவ்வளவு குறைந்தாலும் எடுக்காதீர்கள்.

பெங்களூரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புதுச்சேரிக்காரர்கள் சென்னையைத்தான் முதலில் நினைப்போம், பழக்கம் அப்படி. ஆனால் சென்னை நமக்கு வடக்கே இருக்கிறது, பெங்களூரு பாரிஸ் இருக்கும் திசையிலேயே இருக்கிறது. புதுச்சேரி பெங்களூரு வான்தூரம் சுமார் 265, பெங்களூரு பாரிஸ் சுமார் 7,825. கூட்டினால் 8,090. நேர்கோட்டைவிட்டு விலகவே இல்லை என்று சொல்லலாம். ஏர் பிரான்ஸ் பெங்களூரிலிருந்து பாரிசுக்கு நேராகப் பறக்கிறது. லாஸ்பேட்டையிலிருந்து பெங்களூருக்குச் சின்ன விமானமும் உண்டு. நேரம் பொருந்தி வந்தால் நல்ல வழி. ஆனால் இரண்டையும் தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால், ஐப்பசி, கார்த்திகை மழையில் சின்ன விமானம் ரத்தானால் பெரிய விமானத்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். அந்த மாதங்களில் ஒரே டிக்கெட்டாகக் கிடைக்காவிட்டால், முதல் நாளே பெங்களூரு போய்விடுவதுதான் என் யோசனை.

மாறும் நாட்டில் இறங்காமல் கடந்து போகவே விசா வேண்டுமா என்பதையும் பணம் கட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: கிலோமீட்டரை மணியாக்குவது

நீண்ட தூரம் பறக்கும் பெரிய விமானங்கள், போயிங் 777, 787, ஏர்பஸ் ஏ350 போன்றவை, பத்து முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் ஒலியின் வேகத்தில் சுமார் 85 விழுக்காட்டில் பறக்கின்றன. அந்த உயரத்தில் குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே 56 டிகிரி. குளிர்ந்த காற்றில் ஒலியே மெதுவாகப் போகும், மணிக்கு சுமார் 1,060 கிலோமீட்டர். அதில் 85 விழுக்காடு என்றால் 900. இதுதான் நமக்கு வேண்டிய எண்.

ஆனால் தூரத்தை 900ஆல் வகுத்தால் மட்டும் போதாது. ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் அரை மணி நேரம் சேர்க்க வேண்டும். தடத்தின் சுற்றையும் சேர்க்க வேண்டும். மனக்கணக்குக்கு எளிய வழி: நேர்கோட்டுத் தூரத்தை 850ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டுங்கள்.

சென்னை பாரிஸ்: 8,020 ÷ 850 = 9.4, அரை மணி கூட்டினால் ஏறக்குறைய பத்து மணி நேரம். சென்னை துபாய்: 2,930 ÷ 850 = 3.45, அரை மணி கூட்டினால் நான்கு மணி நேரம். இது காற்று இல்லாத நாளின் கணக்கு. மேலே காற்று இல்லாத நாள் கிடையாது.

ஆறாம் படி: காற்று

போகும்போது அதிக நேரம், வரும்போது குறைந்த நேரம் ஆவது ஏன்? பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால் என்று பலர் சொல்வார்கள். அது காரணமில்லை. பூமியோடு காற்றும் சேர்ந்துதான் சுழல்கிறது. ஓடும் ரயிலுக்குள் முன்னாலும் பின்னாலும் நடப்பவருக்கு ஒரே நேரம்தான் ஆகும், அதைப் போல. நேரத்தை மாற்றுவது உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பெருங்காற்று. பனிக்காலத்தில் இது வட இந்தியா, ஈரான், மத்தியதரைக்கடல் மேலே தெற்காக இறங்கி வந்து, மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டியும் வீசும். பாரிஸ் போகும் விமானம் இதை எதிர்த்துப் போக வேண்டும்.

வழி முழுவதும் அவ்வளவு வேகம் இருக்காது. சராசரியாக 60 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்று வைத்துப் பாருங்கள். தடத்தின் நீளம் 8,350. போகும்போது 8,350 ÷ 840 = 9.9, அரை மணி சேர்த்தால் பத்தரை மணி நேரம். வரும்போது 8,350 ÷ 960 = 8.7, அரை மணி சேர்த்தால் ஒன்பதே கால். ஒரே வழி, ஒரே விமானம், ஒன்றேகால் மணி நேர வித்தியாசம். ஆகவே மனக்கணக்கில் வந்த எண்ணோடு மேற்கே போகும்போது நூற்றுக்கு ஐந்து கூட்டுங்கள், கிழக்கே வரும்போது ஐந்து கழியுங்கள்.

ஆடி, ஆவணியில் கதை கொஞ்சம் மாறும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் மேலே, ஏறக்குறைய சென்னையின் அட்சரேகையில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெருங்காற்று ஓடுகிறது. இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1958இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். அதன் மையம் பயணிகள் விமானம் பறக்கும் உயரத்துக்கும் மேலே இருக்கிறது. ஆனாலும் கீழே வரை அதன் வீச்சு உண்டு, பயணத்தின் முதல் பகுதியில் மேற்கே போகிறவர்களுக்குச் சற்று உதவும். நம் தலைக்கு மேலேயே இப்படி ஒரு காற்றாறு ஆண்டுதோறும் ஓடுவது எனக்கு இன்னும் வியப்புதான்.

ஏழாம் படி: கடிகாரம்

டிக்கெட்டில் போட்டிருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரம். இந்திய நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னே. துபாய் நான்கு மணி முன்னே. பிரான்ஸ் பனிக்காலத்தில் ஒரு மணி, கோடையில் இரண்டு மணி முன்னே. எனவே நமக்கும் பாரிசுக்கும் வித்தியாசம் பனிக்காலத்தில் நாலரை மணி, கோடையில் மூன்றரை மணி. மாறும் நாட்கள் மார்ச் மாதக் கடைசி ஞாயிறும் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறும்.

ஒரே பழக்கம் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. எல்லாவற்றையும் முதலில் இந்திய நேரத்தில் எழுதுங்கள், கடைசியில் ஒரே ஒரு தடவை மாற்றுங்கள். தொலைபேசியில் பேசும்போதும் எந்த ஊர் நேரம் என்பதைச் சொல்லிவிடுங்கள். "அத்தை, ஒரு மணிக்கு இறங்குறீங்கன்னு சொன்னீங்களே, அது நம்ம ஊர் நேரமா, இங்க நேரமா?" என்று பாரிசுக்குப் பக்கத்தில் சார்செல்லில் இருக்கும் மருமகன் கேட்கும்படி வைக்கக் கூடாது.

எட்டாம் படி: வாசலிலிருந்து வாசல் வரை

இனி எல்லாவற்றையும் சேர்ப்போம். தை மாதம், சென்னை, துபாய், பாரிஸ். விமானம் சென்னையில் அதிகாலை 4.00 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம்.

மூன்று மணி நேரம் முன்னதாக, இரவு 1.00 மணிக்கு மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். திண்டிவனம், செங்கல்பட்டு வழியாகச் சுமார் 140 கிலோமீட்டர். சாலையில் மூன்று மணி நேரம், எதிர்பாராததற்கு அரை மணி. பொங்கல் முடிந்து ஊர் திரும்பும் கூட்டம் இருக்கும் நாளென்றால் அரை மணி போதாது. பரனூர் சுங்கச்சாவடியும் பெருங்களத்தூரும் சேர்ந்தே அதைத் தின்றுவிடும். அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் போவதானாலும் ஒரு மணி நேரமாவது சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் வீட்டைவிட்டுக் கிளம்புவது இரவு 9.30. கடலூரிலிருந்து என்றால் முக்கால் மணி முன்னால்.

விமானம் 4.00 மணிக்குக் கிளம்பி, நான்கு மணி பத்து நிமிடத்தில் துபாய். இந்திய நேரம் காலை 8.10. அங்கே இரண்டு மணி நேரம் காத்திருப்பு, 10.10க்கு அடுத்த விமானம். 5,240 கிலோமீட்டரை மனக்கணக்கில் போட்டால் ஆறே முக்கால் மணி வரும். பனிக்கால எதிர்க்காற்றுக்குச் சேர்த்து ஏழேகால் என்று வையுங்கள். இறங்குவது இந்திய நேரம் மாலை 5.25. நாலரை மணி கழித்தால் பாரிசில் பகல் 12.55.

அதன்பின் குடியேற்றச் சோதனை. 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய எல்லைகளில் வெளிநாட்டவரின் கைரேகையையும் முகப்படத்தையும் பதிவு செய்யும் புது முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். நம் ஊர்க் குடும்பங்களில் இது தனியாகக் கவனிக்க வேண்டிய விஷயம். தாத்தாவிடம் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கும், அவர் ஐரோப்பியர் வரிசையில் சீக்கிரம் வெளியே வந்துவிடுவார். இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் மருமகள் வேறு வரிசையில் நிற்பார். பெட்டிகள் வரும் இடத்தில் காத்திருப்பது என்று முன்பே பேசி வையுங்கள், தாத்தாவின் கைபேசி அங்கே வேலை செய்யாமல் போகலாம். சோதனைக்கும் பெட்டிக்கும் ஒன்றரை மணி, நகரத்துக்குள் போக ஒரு மணி. ஆர்இஆர் பி ரயில் சார்ல் து கோலிலிருந்து நேராக நகரத்துக்குள் இருக்கும் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் போகும்.

வீட்டு வாசலில் பிற்பகல் மூன்றரை. இந்திய நேரம் இரவு 8.00. முதல் நாள் இரவு 9.30க்குக் கிளம்பியதிலிருந்து இருபத்திரண்டரை மணி நேரம். அதில் விமானம் எடுத்துக்கொண்டது பதினொன்றரை மணி நேரம்தான். மீதிப் பதினொரு மணி நேரம் தரையில். ஆகவே நேரத்தைக் குறைக்க வேண்டுமானால், விமானம் மாறும் இடத்தில் காத்திருப்பைக் குறைப்பதும், சாலையில் போகும் நேரத்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதும்தான் பெரிய பலன் தரும். ஆனால் காத்திருப்பை ஒன்றரை மணிக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். முதல் விமானம் ஒரு மணி நேரம் தாமதமானாலே இரண்டாவது போய்விடும்.

திரும்பி வரும்போது

முறை அதேதான், காற்று மட்டும் நமக்குச் சாதகம், கடிகாரம் முன்னே ஓடும். எடுத்துக்காட்டாக, பனிக்காலத்தில் பாரிசில் காலை 10.30க்கு நேரடி விமானம் ஏறினால் இந்திய நேரம் பிற்பகல் 3.00. ஒன்பது மணி நாற்பது நிமிடம் என்று டிக்கெட்டில் இருந்தால் இறங்குவது நள்ளிரவு தாண்டி 12.40. தேதி மாறிவிடும். கார் ஏற்பாடு செய்யும்போது சிக்கல் வருவது இங்கேதான். ஜனவரி 20ஆம் தேதி கிளம்புகிறோம் என்று சொன்னால், ஓட்டுநர் 20ஆம் தேதி இரவு விடியும் 21ஆம் தேதிக்கு வர வேண்டும். ஓட்டுநரிடம் "20ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுட்டு கிளம்பிடுங்க, பன்னிரண்டு மணிக்கு ஏர்போர்ட்ல இருக்கணும்" என்று சொல்லுங்கள். வெறும் தேதியும் 12.40 என்ற எண்ணும் மட்டும் அனுப்பினால், பகலா இரவா என்று அவர் எப்படிப் புரிந்துகொள்வார்? பகலில் அவரைத் தூங்கச் சொல்வதும் முக்கியம். பெட்டி எடுத்து வெளியே வரும்போது இரவு இரண்டு மணி ஆகியிருக்கும், புதுச்சேரி வந்து சேர விடியற்காலை ஐந்து.